ஐம்பது சொச்சம் வண்டி, ஆசைப்படுபவர்களோ ஆயிரம்

பாசிர் கூடாங்கில் ஜொகூர் பந்தயத் தடம் 1986இல் திறக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு மலேசிய மோட்டார்சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. 500 சிசி பிரிவில் ஆஸ்திரேலியாவின் மிக் டூகன் வென்றார். அதற்கு முன்பே, 1992லும் 1993லும், உலக சூப்பர்பைக் பந்தயமும் அந்தத் தடத்துக்கு வந்திருக்கிறது. கிராண்ட் பிரீ வண்டிகள் பந்தயத்துக்கென்றே பிறந்தவை. சூப்பர்பைக் அப்படியல்ல. கடையில் விற்கும் வண்டியை எடுத்து, அதைத்தான் கூர்தீட்டி ஓட்ட வேண்டும்.

இந்த வகைப் பந்தயத்துக்கு இங்கிலாந்தில் நீண்ட வரலாறு உண்டு. ஹாம்ப்ஷயரில் த்ரக்ஸ்டன் என்ற பழைய விமானத்தளத்தில் 1955இல் ஒன்பது மணி நேரப் பந்தயம் ஒன்று தொடங்கியது. 1958இல் அது 500 மைல் பந்தயமாக மாறியது. ஜெயித்த வண்டியைப் போலவே ஒன்று வேண்டும் என்று ரசிகர் கடைக்குப் போய்க் கேட்கலாம். இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும்? பந்தயத்துக்கு ஏற்றபடி கூடுதல் கவனத்தோடு கொஞ்சம் வண்டிகளைச் செய்து, அவற்றையும் விற்பனைப் பட்டியலில் சேர்த்தார்கள். வெலோசெட் ஒன்று செய்தது. நார்ட்டன் பின்னாளில் மஞ்சள் வண்ணத்தில் கமாண்டோ புரொடக்‌ஷன் ரேசரைக் கொண்டுவந்தது. அதிகம் பேசப்படுவது டிரையம்ப் நிறுவனம் 1965இல் செய்த த்ரக்ஸ்டன் போனவில்.

649 சிசி, இரட்டை சிலிண்டர். மெரிடன் ஆலையில் பொறியாளர் டக் ஹீலின் குழு உருவாக்கிய அந்த வண்டி ஐம்பது சொச்சம்தான் வெளிவந்தது. பந்தயத்தில் கற்ற பாடங்கள் சாதாரணப் போனவிலுக்கும் போய்ச் சேர்ந்தன: 1966 முதல் அதன் முன்ஃபோர்க்கின் சாய்வு மாறி, வேகத்தில் வண்டி நிதானமாக நின்றது. 1969இல் மால்கம் அப்ஹில் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் போனவிலை ஓட்டி, ஒரு சுற்றைச் சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேல் முடித்தார். கடைவண்டி ஒன்று அந்த எல்லையைத் தாண்டியது அதுவே முதல் முறை. அவர் போட்டிருந்த டன்லப் கே81 டயருக்கு டிடி100 என்ற பெயரே வந்துவிட்டது.

ஐம்பது சொச்சம் வண்டிக்கு உலகமெல்லாம் ஆசைப்பட்டால் என்ன ஆகும்? பிரதிகள் பிறக்கும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1971 முதல் 1975 வரை தொடர்ந்து ஐந்து முறை புரொடக்‌ஷன் டிடி வென்ற டிரையம்ப் டிரைடன்ட், ‘ஸ்லிப்பரி சாம்’ என்ற செல்லப்பெயரால் அறியப்பட்டது. அதைப் பராமரித்த லெஸ் வில்லியம்ஸே பிறகு அதன் பிரதிகளைக் கட்டி விற்றார். மூலவண்டி 2003இல் இங்கிலாந்தின் தேசிய மோட்டார்சைக்கிள் அருங்காட்சியகத் தீயில் கருகி, மறுபடி கட்டியெழுப்பப்பட்டது.

பிரதி கட்டுபவர் முதலில் தேட வேண்டியது அடிவண்டி. 1963 முதல் 1970 வரையிலான போனவில் பொருந்தும். அதற்குப் பிந்தைய மாடல்களில் எண்ணெய் சட்டத்துக்குள்ளேயே நிற்கும். தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பழக்கமுள்ள கண் பத்தடி தூரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடும். தாழ்ந்த கைப்பிடி, பின்னே தள்ளிய கால்மிதி, திமில் வைத்த ஒற்றை இருக்கை, அலுமினிய வளையங்கள்: இவற்றைப் பணம் கொடுத்தால் வாங்கலாம். பார்வைக்கு வண்டி தயாராகிவிடும். உண்மையான வேலை எஞ்சினில் இருக்கிறது.

இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வேகம் கூடக்கூட அதிர்வும் கூடும். தாங்கிகள் விரிசல் விடும், நட்டுகள் கழன்று விழும். அதனால்தான் பந்தய வண்டியில் போல்ட்டுகளைக் கம்பியால் கட்டிப் பூட்டுகிறார்கள். கிராங்க் தண்டைச் சமன்படுத்தாமல் மற்றதைத் தொடுவது வீண்.

அந்தத் தண்டுக்குள்ளேயே இன்னொரு வில்லங்கமும் ஒளிந்திருக்கிறது. அதன் நடுவே ஒரு குழாய். எண்ணெயில் வரும் உலோகத் துகளும் கரியும் சுழற்சியின் வேகத்தில் வெளிப்பக்கம் ஒதுங்கி அதில் படியும். ஐம்பது அறுபது ஆண்டுச் சேறு கல்லாக இறுகியிருக்கும். மூடியைத் துளைத்து எடுத்து, குழாயை உருவி, பளிச்சென்று கழுவாமல் புது பிஸ்டன் போட்டால், எண்ணெய் வழி அடைபட்டு பேரிங் உருகிப்போகும். விலைக்கு வரும் ‘முழுசாகச் செய்த’ எஞ்சின்கள் பலவற்றில் இந்த வேலை நடந்திருக்காது. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஜொகூரில் இதைச் செய்பவருக்கு வேறு சில கவலைகளும் உண்டு. இங்குள்ள பட்டறைகளில் தொங்குவது மில்லிமீட்டர் ஸ்பேனர். அந்தக் காலத்து டிரையம்பிலோ விட்வொர்த் உட்படப் பலவகை மரைகள் கலந்து கிடக்கும். தவறான ஸ்பேனர் ஒரு திருப்பில் நட்டின் முனையை மழித்துவிடும். கம்ப்ரெஷன் கூட்டிய எஞ்சினுக்கு ரான் 97 பெட்ரோல் ஊற்றுவதே நல்லது. கடற்கரைக் காற்றும் ஓயாத மழையும் குரோமை விட்டுவைக்காது.

இருந்தாலும் இந்த வண்டி இங்கே அந்நியமல்ல. ஜொகூர் பாரு சாலைகளில் 1940லேயே ஜொகூர் கிராண்ட் பிரீ நடந்தது. கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்களும் மோட்டார்சைக்கிள்களும் பறந்தன. ஜப்பானிய வண்டிகள் தலையெடுக்கும்வரை பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இங்கே தனி மரியாதை இருந்தது.

அவ்வளவு பாடுபட முடியாதவர்களுக்குச் சென்னை ஒரு வழி வைத்திருக்கிறது. 1965இல் இங்கிலாந்தின் ரெடிச்சில் செய்யப்பட்ட ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 250 சிசி வண்டி. பந்தய வண்டியின் சாயலுக்கு ஏங்கிய இளைஞர்களைக் குறிவைத்து வந்தது. இங்கிலாந்து நிறுவனம் மறைந்தது. 1955இல் மதராஸில் கிளைவிட்ட என்ஃபீல்டு மட்டும் திருவொற்றியூரில் வேர்பிடித்து நின்றது. 2013இல் கான்டினென்டல் ஜிடி என்ற பெயருக்கு அதுவே மறுவாழ்வு தந்தது. சட்டத்தை வடிவமைத்தது இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ். 2018இல் இரட்டை சிலிண்டர் 650 வந்தது. 2021 முதல் அதை வைத்தே இந்தியாவில் ஒரு பந்தயத் தொடர் நடக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே அதன் களங்களில் ஒன்று. கடைவண்டியைத் தடத்தில் ஏற்றும் த்ரக்ஸ்டன் எண்ணம் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது என்றே சொல்லலாம்.

பிரதி கட்டுவதில் தப்பு ஒன்றே ஒன்றுதான்: அதை அசல் என்று விற்பது. போனவிலின் எஞ்சின் எண் இடப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே பொறிக்கப்பட்டிருக்கும். 1969 முதல் அந்த இடத்தில் எண்ணுக்கு அடியில் டிரையம்ப் சின்னத்தையே சிறுசிறு அச்சாகப் பதித்தார்கள். எண்ணை அரத்தால் அராவினால் சின்னமும் அழியும். த்ரக்ஸ்டன் பிறந்த 1965இல் இந்தக் காவல் கிடையாது. ஆகவே ஆசைப்பட்டு வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கட்டுகிறவர்கள் எந்த வண்டியிலிருந்து எது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.