ஒன்றுமில்லை என்று வந்த காகிதம்

உயிருக்கு உடனடி அபாயம் எதையும் விளைவிக்காமல், ஆனால் உறக்கத்தையும் மன நிம்மதியையும் சிறுகச் சிறுகச் சூறையாடிவிடுவதும், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள நா எழாததுமான உபாதை ஒன்று ஸ்திரீகளுக்கு உண்டென்றால், அது பிறப்புறுப்பில் உண்டாகும் அரிப்புதான். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நாலு பேர் வருவார்கள். இதையோ பெற்ற தாயிடமே தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னாலும், "உஷ்ணம்தான், எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் குடி" என்பதோடு சம்பாஷணை முடிந்துவிடும். லஜ்ஜையை ஒருவாறு ஒதுக்கிவைத்து டாக்டரிடம் போய், வெள்ளைப்படுதலைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, சிறுநீரையும் சர்க்கரையையும் பார்த்து, கடைசியில் "எல்லாம் நார்மல், ஒன்றுமில்லை" என்ற காகிதம் கைக்கு வரும்போது, சந்தோஷப்பட வேண்டியவள் திகைத்துப்போய் நிற்கிறாள். அரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறதே!

அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. கேட்கப்பட்டதெல்லாம் கிருமியைப் பற்றிய கேள்வி. யோனியின் உட்புறத்தில் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து காவல் காக்கும் நல்ல நுண்ணுயிர்கள் இருப்பதை ஜெர்மானிய வைத்தியர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அந்த அமிலத்தினால் அவ்விடத்தின் பி.எச். அளவு சாதாரணமாக 3.8 முதல் 4.5 வரையில் நிற்கிறது. அது குலைந்திருக்கிறதா, பூஞ்சை பெருகியிருக்கிறதா, வேறு தொற்று உண்டா என்பதே பரிசோதனையின் விசாரணை. அதிலும், வெறும் நுண்ணோக்கியில் பார்க்கும்போது பூஞ்சைத் தொற்றுகளில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், 'கல்ச்சர்' என்னும் வளர்ப்புப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்டுக்கொள்வது உசிதம்.

ஆனால் காகிதம் இப்படி வரும் பல சந்தர்ப்பங்களில் அரிப்பு உள்ளேயிருந்து வருவதே இல்லை. வெளிப்புறத்து மென்மையான சருமத்திலிருந்து வருகிறது. சருமத்தின் நோயைப் பஞ்சுக் குச்சி அறியாது, கண்தான் அறியும். நம் ஊரிலோ டாக்டருக்கு அவசரம், வந்தவளுக்குக் கூச்சம்; இவ்விரண்டும் சேர்ந்து, சேலையைத் தளர்த்தாமலே மருந்துச் சீட்டு எழுதப்பட்டுவிடுகிறது.

இப்படித் தவிக்கும் ஒருத்தியின் குளியலறை மாடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். வாசனைச் சோப்பு ஒன்று, அந்தரங்க சுத்திக்கென்றே விளம்பரப்படுத்தப்படும் திரவம் ஒன்று, வாளித் தண்ணீரில் ஒரு மூடி விட்டுக்கொள்ள டெட்டால், படிகாரக் கட்டி, பவுடர் டப்பா, அடியிலிருந்து சுருட்டிப் பிழியப்பட்ட களிம்புக் குழாய். அழுக்கினால்தான் அரிக்கிறது என்று எண்ணி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறாள். சேர்க்கச் சேர்க்கச் சருமத்தின் இயற்கையான எண்ணெய்ப் பசை கழுவப்பட்டு, அது வறண்டு, வெடித்து, முன்னிலும் அதிகமாக அரிக்கிறது. இவை அனைத்தையும் ஒருசேர நிறுத்திவிட்டு, தினம் ஒரு முறை வெளிப்புறத்தை மட்டும் வெறும் வெதுவெதுப்பான நீரால் அலம்பி, ஒற்றி உலர்த்தி, வாசலின் போன்ற வாசனையற்ற ஒன்றை மெல்லியதாகத் தடவி, சில வாரங்கள் பொறுத்திருப்பதே முதல் சிகிச்சை. உள்ளாடை பருத்தியில் இருக்கட்டும். சோப்புத்தூள் தங்காமல் இன்னொரு முறை அலசப்படட்டும். வாசனை சேர்த்த நாப்கினும் வேண்டாம். உட்புறத்தைக் கழுவவே கூடாது.

களிம்பைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாய்க் குழைத்த குழாய்கள் பக்கத்து மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைத்துவிடுகின்றன. ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாதென்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியும் பழக்கம் மாறியபாடில்லை. தடவிய அன்று சுகம். விட்ட மறுவாரம் இருமடங்கு அரிப்பு. தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால், அது தன் வழக்கமான வட்ட உருவத்தை இழந்து, தேர்ந்த கண்ணுக்கும் அடையாளம் தெரியாதபடி பரவிவிடும்.

இரவில் மட்டும் பொறுக்க முடியாமல் அரிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் தன்னை அறியாமல் சொறிய, சொறிந்த தோல் தடிக்க, தடித்த தோல் மேலும் அரிக்க, மூலகாரணம் என்றைக்கோ மறைந்துபோன பின்னும் இந்தச் சுழல் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, ஈரத்துணியால் குளிர்ச்சி கொடுத்து, டாக்டர் தரும் மருந்தைச் சொன்ன காலம் வரை உபயோகித்தால் இச்சுழல் அறுபடும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு வேறு காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அவ்விடத்துத் தோல் மெலிந்து வறள்கிறது. டாக்டர் தகுதி பார்த்து எழுதும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை அவ்விடத்தில் இடுவதால் நல்ல பலன் கிடைக்கும். இதே வயதில் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்றொரு சரும நோயும் வரக்கூடும். தோல் வெளிறி, கசங்கிய காகிதம்போல் சுருங்கும். வெண்புள்ளி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இதைத் தீர்மானிக்கச் சில வேளைகளில் சிறு துணுக்குத் தோலை எடுத்துப் பரிசோதிப்பார்கள். முன்பு குறை சொன்ன அதே ஸ்டீராய்டு, சரியான வீரியத்தில், மேற்பார்வையோடு தடவப்படும்போது இந்நோய்க்குச் சிறந்த மருந்தாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கவனியாது விட்டால் நூற்றில் ஐவருக்கும் குறைவானவர்களுக்கே ஆயினும் அது புற்றாக மாறக்கூடுமாதலால், வெளிறல், ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு ஆகிய எதைக் கண்டாலும் தாமதிக்கலாகாது.

இன்னொன்று: சர்க்கரை வியாதிக்காரர்கள் தங்கள் மாத்திரைகளின் பெயரை மகளிர் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், இரத்தத்தில் அளவு ஒழுங்காய் இருக்கையிலும் பூஞ்சை மீண்டும் மீண்டும் வரக்கூடும். சர்க்கரை டாக்டருக்கு அரிப்பு தெரியாது. மகளிர் டாக்டருக்கு மாத்திரை தெரியாது. நடுவில் அவதிப்படுகிறவள் இவள்.

காரணம் அகப்படாதபோது "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கமும் இருக்கிறது. மனக் கவலை அரிப்பைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் தோலை ஒரு தரமாவது வெளிச்சத்தில் பார்க்காத ஒருவருக்கு அந்த வார்த்தையைச் சொல்வதற்கு அதிகாரம் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், டாக்டர்" என்று கேட்கலாம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு தனியாக இருக்கிறது. மகளிர் பிரிவில் தந்த காகிதங்களையே அங்கே கொண்டு போகலாம், பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டுமென்று கேட்கவும் செய்யலாம்.