தங்கையின் கையொப்பம்



பழைய வாரிசுச் சொத்தொன்று பற்றி வழக்காடிக்கொண்டு இரண்டு பேர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இருவரிடமும் சாட்சியில்லை. இந்தச் சம்பவத்தை எமக்கு அறிவிப்பவர் ஒரு பெண்மணி, அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள்.

நபியவர்கள் சொன்னதன் கருத்து இதுதான்: நானும் ஒரு மனிதனே. உங்களில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடலாம். நான் கேட்பதை வைத்தே தீர்ப்பளிப்பேன். சகோதரனின் உரிமையை நான் யாருக்காவது தீர்ப்பளித்துவிட்டால், அவர் எடுத்துச் செல்வது நெருப்புத் துண்டையே.

இருவரும் அழுதுவிட்டார்கள். "என் பங்கும் உனக்கே" என்றார் ஒருவர். மற்றவரும் அப்படியே சொன்னார். அதன் பிறகும் நபியவர்கள் அவர்களைச் சும்மா விடவில்லை. நியாயமாகப் பிரித்து, சீட்டுப் போட்டு எடுத்து, ஒருவரையொருவர் ஹலாலாக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பே பிறர் உரிமையை ஹலாலாக்காது என்றால், நொத்தாரிசின் முத்திரை எம்மாத்திரம்?

எமது நாட்டில் மரண சாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து ஷரீஅத்படியே பங்கிடப்பட வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மகனின் பங்கில் பாதி மகளுக்கு உண்டு. மறுத்தால் நீதிமன்றம் போகலாம். ஆனால் தங்கையே உறுதியில் கையொப்பமிட்டுவிட்டால்? சட்டத்தின் கண்ணுக்குக் கையொப்பம் தெரியும். "காக்காவோடு வழக்குப் பேசப் போறியா? நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாருடைய வாசலுக்கு வருவாய்?" என்று முதல் நாள் இரவு அவளிடம் சொல்லப்பட்டது தெரியாது.

"அவளுக்குத்தான் சீதனமாக வீடு கொடுத்தாச்சே" என்பார்கள். ஓதிப் படித்தவர்களும் இதைச் சொல்வதுதான் எனக்கு வேதனை. வாப்பா உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. மௌத்தின்போது எஞ்சியிருப்பது வாரிசுச் சொத்து. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் கூடாதா? கூடும். ஆனால் முதலில் கணக்குப் பார்த்து அவளது பங்கை அவள் பெயருக்கே எழுதிக் கொடுங்கள். ஒரு வருடம் அவள் கையில் இருக்கட்டும். அதன் பிறகும் தருகிறாளா, பார்ப்போம்!

இதுவரை வாசித்துவிட்டு உங்கள் காக்காமாரை நினைத்துப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். சகோதரியே, உங்கள் கணவருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். அவருடைய வாப்பாவின் தோட்டத்துத் தேங்காய் உங்கள் குசினிக்கு வருகிறது. அவளுடைய பங்கு கொடுக்கப்பட்டதா என்று இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.