வெளிநாடு செல்லுமுன் வங்கிக் கணக்கு

வேலைக்கோ படிப்புக்கோ வேறு நாட்டுக்குச் செல்பவர் புறப்படும் முன் செய்துகொள்ள வேண்டிய வங்கி ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. தருமபுரி மாவட்டம் வத்தல்மலையிலிருந்து வளைகுடா நாட்டுக்கு முதல்முறையாக வேலைக்குப் போகும் ஓர் இளைஞரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. வத்தல்மலை, தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ளது. காபி, மிளகு, சிறுதானியங்கள் விளையும் மலை. இங்கே வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். பெரியூர், பால்சிலம்பு போன்ற ஊர்களில் இருப்பவர் ஒரு கையொப்பத்துக்காக நகரத்துக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். கடல் கடந்து போனபின் அதே கையொப்பத்துக்கு விடுமுறை வரும்வரை காத்திருக்க நேரலாம்.

வெளிநாட்டுக்கான கணக்கு என்றதும் பலரும் அந்த நாட்டு வங்கியைத்தான் நினைக்கிறார்கள். தொழிலாளர்களுக்கு அது பெரும்பாலும் போய்ச் சேர்ந்த பிறகு நடக்கும் வேலை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பு விசாவும் எமிரேட்ஸ் அடையாள அட்டையும் கைக்கு வந்த பிறகே வழக்கமான கணக்கு திறக்க முடியும். அங்கு 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை நடைமுறையில் இருப்பதால், சம்பளம் வங்கி அல்லது பணமாற்று நிறுவனம் வழியாகத் தொழிலாளரின் கணக்குக்கோ சம்பள அட்டைக்கோ வருகிறது. ஆகவே, புறப்படும் முன் ஒழுங்குசெய்ய வேண்டியது ஊர்க் கணக்கையே.

பெயரும் பிறந்த தேதியும்

முதலில் பார்க்க வேண்டியது பெயர். நம் வழக்கத்தில் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்தைப் போடுகிறோம். கடவுச்சீட்டில் அந்த முதலெழுத்தை விரித்து எழுத வேண்டும். வங்கிப் புத்தகத்தில் 'மு. குமார்' என்று இருப்பவர் கடவுச்சீட்டில் 'குமார் முனுசாமி' ஆகிறார். ஆதார் அட்டையில் வெறும் 'குமார்' என்றும் இருக்கலாம். ஊரில் இது ஒருவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆதார், நிரந்தர வருமானவரிக் கணக்கு எண் அட்டை, வங்கிக் கணக்கு மூன்றையும் திருத்திக்கொண்டு புறப்படுவது நல்லது.

பிறந்த தேதியிலும் இதே சிக்கல் உண்டு. மலையூர்களில் பிறப்புச் சான்று இல்லாமல் முதல் வகுப்பில் சேர வந்த பிள்ளைகளுக்கு, வயதைக் கணக்கிட்டு ஒரு தேதியை எழுதிய ஆசிரியர்களில் நானும் ஒருவன். அந்தத் தேதிதான் இன்று பலருக்கு எல்லா ஆவணங்களிலும் நிற்கிறது. நடுவில் யாரோ ஓர் ஆவணத்தில் மட்டும் அதை மாற்றிவிட்டால் தொல்லை.

எந்தக் கணக்கு?

1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வேலைக்காக இந்தியாவை விட்டுச் செல்பவர் சென்றதுமே வெளிநாடுவாழ் நபராகக் கருதப்படுகிறார். அதன்பின் அவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதுமில்லை.

என்.ஆர்.ஓ. கணக்கு, உள்ளூர் வருமானத்துக்கானது. வீட்டு வாடகை, குத்தகைப் பணம் போன்றவை இதில் சேரும். இதன் வட்டிக்கு வரி உண்டு. 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் வரியும் வங்கியிலேயே பிடிக்கப்படும். இதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

என்.ஆர்.இ. கணக்கு, வெளிநாட்டில் சம்பாதித்ததை ரூபாயாகச் சேமிப்பதற்கானது. இதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டுச் செலாவணியாகவே 1 முதல் 5 ஆண்டு வரை வைப்புத்தொகை போட எப்.சி.என்.ஆர். கணக்கு உண்டு, முதல்முறை செல்லும் தொழிலாளருக்கு அது உடனடித் தேவை அன்று.

என்.ஆர்.இ. கணக்கைச் சம்பந்தப்பட்டவரே தொடங்க வேண்டும். அவர் சார்பில் அதிகாரப் பத்திரம் பெற்றவர் தொடங்க முடியாது. வேலை விசா வந்தபின், ஊரில் இருக்கும்போதே விண்ணப்பம் வாங்கிக்கொள்ளும் வங்கிகள் உண்டு. ஆகவே விசா கைக்கு வந்ததும் தருமபுரியிலுள்ள தம் கிளைக்குச் சென்று கேட்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பம் அனுப்புவதானால் ஆவண நகல்களுக்கு அங்கே சான்றொப்பம் வாங்க அலைய நேரும்.

கைப்பேசி எண்ணும் தாயின் கணக்கும்

மலையிலிருந்து வந்து என்னிடம் படித்த ஒருவர் வளைகுடாவுக்குப் போனார். போகும்போது ஊர்க் கைப்பேசி எண்ணைக் கண்டுகொள்ளவில்லை. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவருக்குத் தெரியாது. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்தப் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. அனுப்பிய சம்பளமெல்லாம் அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கில் சேர்ந்தது. இரண்டாம் ஆண்டு தாய்க்கு அறுவை சிகிச்சை என்றபோது, மகன் கணக்கில் பணம் இருந்தும் வீட்டார் வட்டிக்கு வாங்கினார்கள். அவர் விடுமுறையில் வந்து வங்கியில் நின்ற பிறகுதான் அந்தக் கடனை அடைக்க முடிந்தது.

இதற்கு வழி எளிது. தாய்க்கோ மனைவிக்கோ அவர் பெயரிலேயே தனிக் கணக்கு இருக்க வேண்டும். 2014 ஆகஸ்டு 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் குறைந்தபட்ச இருப்பு இல்லாமலே கணக்கு திறக்கலாம். குடும்பச் செலவுக்கு வெளிநாட்டிலிருந்து அந்தக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புவது முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் மொத்தச் சேமிப்பையும் அங்கேயே அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. பிறர் கணக்கில் சேர்ந்த பணம் அவருடைய பணம்தான். பத்தாண்டு உழைத்துத் திரும்பியவர் தம்பியிடம் கணக்குக் கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் செலவுக்குத் தாயின் கணக்கு, சேமிப்புக்குத் தம் என்.ஆர்.இ. கணக்கு என்று பிரிப்பது இருவருக்கும் நல்லது. என்.ஆர்.இ. கணக்கிலிருந்து உள்ளூர்ச் செலவுக்கு எடுக்க நெருங்கிய உறவினர் ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். வாரிசு நியமனத்தையும் அப்போதே பதிந்துவிட வேண்டும். ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் வங்கி விதிகளுக்கு மாறானது. தகராறு வந்தால் வங்கி பொறுப்பேற்காது.

ஊர் எண்ணைக் கையோடு கொண்டுபோய் அவ்வப்போது ரீசார்ஜ் செய்துவர வேண்டும். சிங்கப்பூர், அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமன் உள்ளிட்ட நாடுகளின் கைப்பேசி எண்ணையே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளோடு இணைத்து யு.பி.ஐ. பயன்படுத்தவும் 2023 முதல் அனுமதி உண்டு. இரண்டு ஆண்டு வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம்; விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகையைப் பெறவும் வீட்டில் ஒருவருக்குச் சரியான பெயரில் கணக்கு இருந்தாக வேண்டும்.

மாணவர்களுக்கு

மாணவர் நிலை வேறு. அவர்களிடம் சில நாடுகள் விசாவுக்கு முன்பே அந்நாட்டுக் கணக்கைக் கேட்கின்றன. ஜெர்மனி செல்பவர் பொதுவாக முடக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து ஓராண்டுச் செலவுத் தொகையைக் கட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது. அங்கே சென்றபின் மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். கனடாவும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்கிறது. அந்நாட்டு வங்கி ஒன்றில் ஊரிலிருந்தே வாங்கும் உத்தரவாத முதலீட்டுச் சான்று அதற்கு ஒரு வழி. 2025 செப்டம்பர் முதல் தனி மாணவர் காட்ட வேண்டிய தொகை, கல்விக் கட்டணம் நீங்கலாக, 22,895 கனடிய டாலர். இத்தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவும். இந்தியாவிலிருந்து இப்படிப் பணம் அனுப்பத் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுமதி உண்டு.

முன்னோர் வழி

ஊரில் ஒரு கணக்கு, போன இடத்தில் ஒரு கணக்கு என்ற ஏற்பாடு தமிழருக்குப் புதியதன்று. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்தவர்களின் தேவை அதன் பெயரிலேயே இருக்கிறது.

திரும்பி வரும்போது

ஊருக்கே திரும்பிவிட்டவர் அதை வங்கிக்குத் தெரிவித்து, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். என்.ஆர்.இ. கணக்கிலுள்ள தொகையை வெளிநாட்டுச் செலாவணியாகவே வைத்திருக்க விரும்பினால், ஆர்.எப்.சி. கணக்குக்கு மாற்றலாம்.