முருங்கை இலைப் பொடி: கட்டுபடியாகுமா?

முருங்கைக் காய் விலை சரியும் காலங்களில், இலையைப் பொடியாக்கி விற்கலாமே என்ற எண்ணம் விவசாயிகளுக்கு எழுவது இயல்பு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் வெட்ட வெட்டத் தழைப்பதால், இலைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நகையை அடகு வைத்து அரவை இயந்திரம் வாங்கும் முன்னர், கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

பச்சை இலையில் ஏறத்தாழ 75 சதம் நீரே. காம்பு, பழுப்பு, சலிப்புக் கழிவு போக, உருவிய இலை 5 கிலோவுக்கு 1 கிலோ பொடி என்று கொள்வதே பாதுகாப்பானது. வெயிலில் காய வைத்தால் பச்சை நிறமும் வைட்டமின் 'ஏ' சத்தும் குறைந்துவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். கம்பளிப்புழுவுக்கு அண்மையில் மருந்தடித்த மரத்து இலை உதவாது.

கீழே உள்ள தொகைகள் உதாரணத்திற்கே. அவரவர் ஊர் விலையை இட்டுப் பார்க்கவும். இலை 5 கிலோ ரூ.75, உருவ, கழுவ, உலர்த்தக் கூலி ரூ.60, அரவை ரூ.15, பை, லேபிள் ரூ.30, வண்டிச் செலவு ரூ.20. ஆக, கிலோவுக்கு ரூ.200. சொந்த மரத்து இலைதானே, வீட்டுப் பெண்கள்தானே உருவுகிறார்கள் என்று இவற்றை விட்டுவிடுவோர் பலர். அந்த இலைக்குச் சந்தையில் விலை உண்டு; அந்த உழைப்புக்கு வெளியில் கூலி உண்டு. மேலும் இலைக்காகக் கிளையை வெட்டினால் காய் குறையும்.

கிலோ ரூ.500 என அச்சிட்டு, கடைக்காரருக்கு 30 சதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது ரூ.350. செலவு போக மிச்சம் ரூ.150.

விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு வேறு. கொட்டகை, இயந்திரம், பை ஒட்டும் கருவி ஆகியவற்றுக்கு ரூ.1,20,000 முதலீடு எனில், ஐந்தாண்டுத் தேய்மானம் ஆண்டுக்கு ரூ.24,000. வட்டி 12 சதத்தில் ரூ.14,400. உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆய்வுக்கூடச் சோதனை, வாடகை முதலியன ரூ.21,600. மொத்தம் ரூ.60,000. இதை ரூ.150ஆல் வகுத்தால் 400 கிலோ. அதாவது 100 கிராம் பாக்கெட் 4,000. நாள் ஒன்றுக்கு 11. அதற்கு மேல் விற்பதே லாபம்.

அச்சு விலையை ரூ.450 ஆக்க நேர்ந்தால் மிச்சம் ரூ.115 ஆகி, 522 கிலோ விற்றாக வேண்டும். மொத்த வியாபாரியிடம் பாக்கெட் இன்றிக் கிலோ ரூ.230க்குக் கொடுத்தாலோ மிச்சம் ரூ.60தான், 1,000 கிலோ வேண்டும்.

எனவே, முதலில் வீட்டு மிக்சியில் 5 கிலோ அரைத்து, 50 வீடுகளுக்கு விலைக்கே விற்றுப் பார்க்கலாம். இலவசமாகக் கொடுத்தால் உறவினர் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் முறை காசு கொடுத்துக் கேட்பவர் எத்தனை பேர் என்பதே கணக்கு. பத்துப் பேர் கூடத் தேறாவிட்டால், இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப் போடுவதே நலம்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் சரக்கு விற்ற பின்னரே பணம் தருவர். மாதம் 40 கிலோ தயாரித்து, 45 நாள் கழித்துப் பணம் வருமானால், ரூ.12,000 வெளியில் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் இலை சரியாக உலராது. அம்மாதங்களுக்கான சரக்கை முன்கூட்டியே அரைத்து, ஈரம் புகாமல் வைக்கவும் பணம் வேண்டும். கடன் கேட்கும்போதே இத்தொகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.