முதுகைத் தாங்கும் சட்டகம்: யாருக்கு முதலில் வேண்டும்?

திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் ஒரு லோடுமேன் 50 கிலோ மூட்டையைக் குனிந்து தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை அவரது இடுப்பிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசையோ முதுகெலும்புக்கு 5 செ.மீ. பின்னால்தான் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி அந்தத் தசை 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தாக வேண்டும். உடம்பின் எடை தனி. ‘இடுப்பு பிடிச்சுக்கிச்சு’ என்று பலர் படுத்துவிடுவது இதனால்தான்.

இந்தப் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ள வந்ததுதான் உடம்பில் அணியும் சட்டகமான எக்ஸோஸ்கெலிட்டன். 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த ‘ஹார்டிமேன்’ சுமார் 680 கிலோ எடை. கடைசிவரை அதில் ஒரு கை மட்டுமே ஒழுங்காக இயங்கியது. கால் செயலிழந்தவர்களை நடக்கவைக்கும் மோட்டார் வகைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2014-ல். அதன் விலை எட்டாதது.

நமக்கு ஆகக்கூடியது மோட்டாரோ பேட்டரியோ இல்லாத எளிய வகை. நெஞ்சில் ஒரு பட்டை, தொடைகளில் இரண்டு, முதுகோரம் ஸ்பிரிங். குனியும்போது ஸ்பிரிங் இறுகும். நிமிரும்போது உந்தித் தரும். முதுகுத் தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைவதாக 2016-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

ஆனால் லோடுமேனுக்கு இது பாதி உதவிதான். குனிந்து எடுக்கும்வரை ஸ்பிரிங் தாங்கும். மூட்டை தலைக்கு ஏறிவிட்டால் கழுத்துதான் சுமக்கிறது. அதற்கு ஸ்பிரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு முதலில் வேண்டியது சின்ன மூட்டையும் தள்ளுவண்டியும். ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 1967-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்திருக்கிறது. சட்டகம் வந்துவிட்டதே என்று மூட்டையைப் பெரிதாக்கினால் அது அநியாயம்.

முழுப் பலனும் கிடைக்கக்கூடியவர்கள் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும் பெண்கள். மணிக்கணக்கில் குனிந்தே நிற்கும் வேலைக்குத்தான் இந்த ஸ்பிரிங் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தொடைப்பட்டை பேன்ட் போட்டவரை நினைத்துச் செய்யப்பட்டது. இவர்கள் சேலையைத் தூக்கிச் செருகி, மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். பட்டை நழுவும், சித்திரை வெயிலில் வியர்வை கோத்து அரிக்கும்.

உடல் அளவுக்கேற்ற ‘நியோஃப்ளை’ சக்கர நாற்காலியை உருவாக்கிய சென்னை ஐ.ஐ.டி.க்கு சேலைக்கேற்ற சட்டகம் செய்வதும் முடியும். சோதித்துப் பார்க்க திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள காடுகள் இருக்கின்றன. அளவெடுக்க வேண்டியது அந்தப் பெண்களிடம்; கூலி நாள் கெடாமல், அன்றைய சம்பளத்தையும் கொடுத்து.