நிலாவிலிருந்து பன்பாய்க்கு: ஒரு மாணவியின் கவிதை வளர்ச்சி

எங்கட பிள்ளைகள் கவிதை எழுதுவது குறைந்துவிட்டது என்று இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இருபது வருடமளவில் தமிழ் படிப்பித்து வருகிறவள் என்ற வகையில் எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் எழுதத்தான் செய்கிறார்கள். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் கைத்தொலைபேசியிலும் எழுதுகிறார்கள். குறைந்திருப்பது வேறு இரண்டு பழக்கங்கள். ஒன்று, பரீட்சைக்காக அல்லாமல் ஒரு கவிதையை வாசிப்பது. மற்றது, தான் எழுதியதைச் சில நாள் கழித்துத் திரும்பிப் பார்ப்பது. இந்த இரண்டும் இல்லாமல் கவிதை வளராது. எப்படி வளர்கிறது என்பதை ஒரு மாணவியின் கொப்பியை வைத்து விளக்கலாம் என்று நினைக்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எழுதுவதற்கு அனுமதி தந்தாள்.

உயர்தரப் பரீட்சை முடிந்தபின் அவளிடம் ஒரு வேலை சொன்னேன். இரண்டரை வருடமாக எழுதிய கொப்பிகளை முதலிலிருந்து வாசித்து, எங்கே என்ன மாறியிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். ஒரு கிழமை கழித்து வந்து அவள் சொன்னது இது: "வாசிக்கப் பழகினதுக்குப் பொறகுதான் டீச்சர், நான் எழுதினதில நான் இல்ல எண்டு வெளங்கிச்சி."

ஒரு தமிழ்ப் பாடத்திட்டம் தரக்கூடிய பலன் முழுவதும் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

வாசிப்பு மாறிய விதம்

அவள் என் வகுப்புக்கு வந்தபோது கவிதை வாசிப்பது என்றால் நயக்குறிப்பு எழுதுவது என்றே நினைத்திருந்தாள். ரியூசன் குறிப்பில் எல்லாக் கவிதைக்கும் ஒரே வசனம் இருந்தது: கவிஞர் உவமை, உருவகம், எதுகை, மோனை என்பவற்றைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார். கவிதையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். அதற்குப் புள்ளியும் கிடைக்கும். பிள்ளையில் பிழை சொல்ல முடியாது.

நான் செய்தது பெரிய காரியமில்லை. அணியைத் தேடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். யார், யாரிடம் பேசுகிறார்? வாசிக்கும்போது மூச்சு எங்கே நிற்கிறது? எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கவிதை விழுந்துவிடும்?

முதற்கேள்வி புதியதல்ல. குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டுக்கும் கூற்று உண்டு. தலைவி சொன்னது, தோழி சொன்னது, தலைவன் சொன்னது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும் அந்தப் பாட்டுகளில் பேசுகிறவர் யார் என்று தெரியாமல் ஓரடி நகர முடியாது. கூற்றைப் பரீட்சைத் தகவலாக மனனம் செய்யும் பிள்ளைக்கு அது சுமை. வாசிக்கும் கருவியாகக் கையில் கொடுத்தால் அதுவே வெளிச்சம்.

கூற்றைப் பிடித்துக்கொண்டதும் அவள் ஒரு நாள் வந்து, "டீச்சர், எங்கட மூத்தம்மா சொல்ற கவியிலயும் இப்பிடித்தானே, மச்சானுக்குச் சொல்ற மாதிரி, மச்சிக்குச் சொல்ற மாதிரி?" என்றாள். உண்மைதான். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வாய்மொழியாக வழங்கிய கவிகள் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் பேச்சாகவே அமைந்தவை. வட்டையிலும் வாடியிலும் வீட்டு முற்றத்திலும் சொல்லப்பட்டவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அலைந்து திரிந்து அவற்றைத் தொகுத்தார்கள். கவிஞர் அனாரும் ஒரு தொகுப்புச் செய்தார். ஆனால் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் மூத்தம்மாவின் கவியையும் குறுந்தொகையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறார்கள்? ஒன்று இலக்கியம், மற்றது கிழவிகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சுவர் அவளுக்கு இடிந்தது அன்றைக்குத்தான்.

எழுத்து மாறிய விதம்

கொப்பியின் முதற்பக்கத்துக் கவிதையில் நிலவு அழுகிறது, இதயம் உடைகிறது, கண்ணீர் கடலாகிறது. பதினாறு வயதில் எல்லாரும் எழுதுவதுதான். அதைக் கேலி செய்யக் கூடாது. அந்தச் சொற்கள் சினிமாப் பாட்டிலும் வாழ்த்து மடலிலும் தயாராகக் கிடக்கின்றன. பிள்ளை அவற்றை எடுத்து அடுக்குகிறது. அடுக்குவதும் ஒரு பயிற்சிதான். அதிலேயே நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

பன்னிரண்டாம் வகுப்பில் அவளுடைய மூத்தம்மா மவுத்தானார். அன்று எழுதியது இது:

மரணம் எனும் கொடியவன்
என் மூத்தம்மாவைப் பறித்தான்
கண்ணீர்க் கடலில் தத்தளிக்கிறேன்
கரை சேர்ப்பார் யாருமில்லை

இதே விடயத்தை அவள் இன்னும் மூன்று முறை எழுதியிருக்கிறாள். இரண்டாவதில் கடல் போய்விட்டது. மூன்றாவதில் கொடியவன் போய்விட்டான். மூத்தம்மா என்ன வேலை செய்வார் என்ற விபரம் வந்திருக்கிறது. ஐந்து மாதத்துக்குப் பிறகு எழுதிய நான்காவது இப்படி இருக்கிறது:

மூத்தம்மா இழைச்ச பாயில
ஒரு மூலை முடியல்ல.
அஸறுக்குப் பாங்கு சொன்னதும்
எழும்பிப் போனா.
இன்னும் பன் ஈரமாத்தான் இரிக்கி.

இதில் அழுகை என்ற சொல் இல்லை. மரணம் என்ற சொல்லும் இல்லை. பாய் இழைக்கிறவர்களுக்குத் தெரியும், பன்னை நனைத்துப் பதமாக்கித்தான் இழைப்பார்கள்; காய்ந்தால் முறிந்துவிடும். மாதக்கணக்காகியும் பன் ஈரமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அது எந்த ஈரம் என்று வாசகருக்கு விளங்கும். மூத்தம்மா தொழுதுவிட்டு வந்து மிச்சத்தை முடிப்பார் என்ற எதிர்பார்ப்பும் அந்த முடியாத மூலையில் இருக்கிறது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டேன். மூன்றாவது கேள்வியைத் தன்னுடைய கவிதையிடமே கேட்டதாகச் சொன்னாள். "கண்ணீர்க் கடல எடுத்துப் பாத்தன் டீச்சர். ஒண்டும் விழல்ல." வாசிக்கப் பழகிய கருவியே திருத்தும் கருவியாகவும் ஆகிவிட்டது. வாசிப்பும் எழுத்தும் இரண்டு பாடங்கள் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

பேச்சுச் சொல்லும் யாப்பும்

இந்தக் கவிதையை வெளியில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பினாள். பரிசு கிடைக்கவில்லை. அது பரவாயில்லை. ஆனால் 'இழைச்ச', 'முடியல்ல', 'இரிக்கி' என்ற சொற்களின் கீழே சிவப்புக் கோடு போட்டு, வட்டாரச் சொற்களைத் தவிர்க்கவும் என்று எழுதி வந்தது. 'இழைச்ச' என்பதற்குப் பக்கத்தில் 'நெய்த' என்று திருத்தமும் இருந்தது. பிள்ளை இரண்டு மாதம் ஒன்றும் எழுதவில்லை.

இந்த இடத்தில்தான் நாங்கள் பல பிள்ளைகளை இழக்கிறோம். வீட்டில் கதைக்கும் தமிழ் கவிதைக்கு ஆகாது என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், மறுபடி நிலவுக்கும் கண்ணீர்க் கடலுக்கும் போவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. ஏனென்றால் அவை எல்லாருக்கும் பொதுவான, யாரும் சிவப்புக் கோடு போடாத சொற்கள்.

நெய்வது தறியில், பாய் இழைப்பது கையால். எங்கள் பகுதியில் இரண்டும் வேறு வேலை, வேறு சொல். யாப்பாகப் பார்த்தாலும் வித்தியாசம் உண்டு. 'மூத்தம்மா' மூன்று நேரசை, தேமாங்காய். 'இழைச்ச' நிரை நேர், புளிமா. 'பாயில' நேர் நிரை, கூவிளம். 'நெய்த' என்று மாற்றினால் புளிமா தேமாவாகிவிடும், ஓசையும் வேறாகும். இதைக் கரும்பலகையில் அசை பிரித்துக் காட்டியபோது வகுப்பே ஆச்சரியப்பட்டது. தாங்கள் வீட்டில் கதைக்கும் சொல்லுக்கும் அசையும் சீரும் உண்டு என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. யாப்பிலக்கணம் வெண்பாவுக்கு மட்டுமென்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஈழத்துக் கவிதைக்கு இது புதிய வழக்குமல்ல. மரபுச் செய்யுளுக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவர் மஹாகவி. 1966இல் வந்த அவருடைய 'குறும்பா'வை வாசிக்கக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே பிள்ளைகள் யாப்புப் படிக்கிறார்கள். கல்முனையைச் சேர்ந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இல் வெளிவந்தது. சோலைக்கிளியின் கவிதைகளில் எங்கள் ஊர்ப் பறவைகளும் பிராணிகளும் யாரும் எதிர்பாராத வேலைகளைச் செய்கின்றன.

இன்னும் பின்னே போனால் உமறுப்புலவர் இருக்கிறார். சீறாப்புராணத்தின் 5027 விருத்தங்களில் அறபுச் சொற்கள் தமிழ் ஓசைக்குள் அமர்ந்திருக்கின்றன. அரபு நாட்டை வர்ணிக்கும்போது அவர் மழையையும் ஆற்றையும் வயலையும் கொண்டுவந்தார். தன் வாசகரின் கண்ணுக்குப் பழகிய நிலத்தில் வைத்துத்தான் அந்த வரலாற்றைச் சொன்னார். 1572இல் அரங்கேறிய ஆயிரமசலா தொடக்கம் இந்தப் பரம்பரை நீள்கிறது. பேராசிரியர் ம.மு. உவைஸ் வாழ்நாள் முழுக்கத் தேடித் தொகுத்துத் தந்த சொத்து இது. இதையெல்லாம் சொன்னபிறகு அவள் சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். 'இழைச்ச' அப்படியே இருக்கிறது.

உம்மாவின் கேள்வி

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவளுடைய உம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "பொம்புளப் புள்ள கவித எழுதலாமா டீச்சர்? மார்க்கத்தில கூடாதெண்டு சொல்றாங்களே." இது எங்கள் சமூகத்தில் பல உம்மாமாரின் கேள்வி. மழுப்பக் கூடாது.

தப்ஸீர் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னேன். கவிஞர்கள் என்ற பெயரிலேயே குர்ஆனில் ஒரு ஸூறா இருக்கிறது, அஷ்ஷுஅரா, இருபத்தாறாவது. அதன் கடைசி வசனங்கள் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கின்றன. ஈமான் கொண்டு நல்லமல் செய்கிறவர்களுக்கு விலக்கும் அளிக்கின்றன. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சபையில் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) கவிஞராக இருந்தார். கஃப் இப்னு ஸுஹைர் (ரழி) தம் கவிதையோடு வந்து மன்னிப்புப் பெற்ற வரலாறு மௌலவிமார் மிம்பரில் சொல்வதுதான்.

ஒரு தமிழ் ஆசிரியையாக எனக்கு அந்தக் கண்டனத்தில் ஒரு எழுத்துப் பாடமும் தெரிகிறது. தன் வாழ்வில் இல்லாததை வாயால் மட்டும் சொல்வது கவிதைக்கும் கேடு. நிலவு அழுததை அந்தப் பிள்ளை காணவில்லை. கண்ணீர்க் கடலில் அவள் தத்தளிக்கவுமில்லை. முடியாத பாயை மட்டும் கண்டாள். முதற்கவிதையிலிருந்து நான்காவதுக்கு அவள் வந்த தூரம், காணாததிலிருந்து கண்டதற்கு வந்த தூரம். உம்மாவிடம் கவிதையை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "அந்தப் பாய் இன்னும் ஊட்டதான் இரிக்கி" என்றார்.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியர்கள் கவிதைப் பாடத்தின் முதற்பத்து நிமிடத்தைக் குறிப்பு எழுதாமல் வாய்விட்டு வாசிப்பதற்கு ஒதுக்கலாம். பிள்ளை எழுதியதை உடனே திருத்திக் கொடுக்காமல், ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி எழுதச் சொல்லலாம். பழைய பிரதிகளைக் கிழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது முக்கியம். வளர்ச்சி தெரிவது அவற்றில்தான். ஒரு தவணைக்கு ஒரு முறை மூத்தம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு ஒரு கவியை எழுதி வரச் சொல்லலாம். சொன்னவர் பெயர், ஊர், சந்தர்ப்பம் மூன்றையும் குறித்துக்கொண்டால் அது நாளைக்கு ஆய்வுக்கும் உதவும். கவி தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

போட்டிகளில் நடுவராக அமர்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிழையையும் வழக்கையும் பிரித்துப் பாருங்கள். எழுத்துப்பிழைக்குக் கோடு போடுங்கள். ஒரு பிள்ளையின் வீட்டுச் சொல்லுக்குக் கோடு போடுமுன், அந்த இடத்தில் வேறு எந்தச் சொல் நிற்கும் என்று ஒரு தரம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒன்று. மகள் கொப்பியை மறைத்தால் பறிக்காதீர்கள். அவளாக வாசித்துக் காட்டும் நாள் வரும். அன்றைக்கு, "இத எழுதி என்ன கெடைக்கப் போவுது" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.