எழுவான், படுவான், வடக்கு: சிறு செய்மதிகள் திசையறியும் முறை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் சூரியனால் பெயர்பெற்றவை. கடலோரமாய் அமைந்த கிழக்குக் கரை எழுவான்கரை என்றும், வயற்பரப்புகளைக் கொண்ட மேற்குக் கரை படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. திசையறிவு இப்பிரதேச மக்களின் வாழ்வில் எத்துணை ஆழமாக ஊன்றியுள்ளது என்பதற்கு இவ்விடப்பெயர்களே சான்று. வாவியில் தான் நிற்குமிடத்தை நன்கறிந்த தோணிக்காரனுக்குச் சூரியனோ, பாலமீன்மடுவில் 1913இல் எழுந்த வெளிச்சவீடோ, ஏதேனும் ஓர் அடையாளம் போதும். தோணியின் முகம் எத்திசை நோக்கியுள்ளது என்பதை அவன் கூறிவிடுவான்.

ஓர் அடையாளமே போதுமாயிருப்பது எதனால்? மேல், கீழ் என்னும் வேறுபாட்டைப் புவியீர்ப்பும் நீர்மட்டமும் முன்னரே அவனுக்கு அளித்துவிடுகின்றன. உண்மையில் அவன் இரு திசைகளைப் பயன்படுத்துகின்றான். அவற்றுள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவே. புவியைச் சுற்றும் செய்மதிக்கோ இவ்வசதி இல்லை. இடையறாது புவியை நோக்கி வீழ்ந்தவாறே அது சுற்றுவதால், அதனுள் வைக்கப்படும் தூக்குக்குண்டு எப்பக்கமும் தொங்குவதில்லை. ஆகவே செய்மதி தனது திசைநிலையை, அஃதாவது தன் முகங்கள் எவ்வெப்பக்கம் திரும்பியுள்ளன என்பதை, மூன்று கோணங்களாலும் தானே கண்டறிதல் வேண்டும்.

இவ்வறிவின்றேல் விளைவு யாது? 400 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கீழ்நோக்கும் ஒளிப்படக் கருவி 1 பாகை சரிந்தால், அது நோக்கும் இடம் தரையில் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் விலகிவிடும். மட்டக்களப்பு வாவியோ வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டிருப்பினும் அகலத்தில் சில கிலோமீற்றரே கொண்டது. எனவே 1 பாகைப் பிழை வாவியைக் கடலிலோ படுவான்கரை வயல்களிலோ கொண்டுபோய் நிறுத்திவிடும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியையும், ஆண்டுதோறும் மாரிவெள்ளத்தையும் கண்ட ஒரு பிரதேசத்துக்கு, நீர் எங்கு நிற்கின்றது என்பதைப் பிழையாகக் காட்டும் படத்தால் பயனில்லை.

திசையறிதலின் அடிப்படை எளிதானது. சூரியன் எப்பக்கம் உள்ளது என்பதை மட்டும் செய்மதி அறியுமாயின், சூரியனை நோக்கிய அச்சைப் பற்றி அது எவ்வளவு சுழன்றிருப்பினும் அவ்வளவீடு மாறாது. ஆகவே முதற் காவியோடு ஒருகோட்டில் அமையாத இரண்டாவது காவி ஒன்று இன்றியமையாதது. இரு காவிகளையும் செய்மதியில் அளந்து, அவ்விடத்தில் அவை இருக்க வேண்டிய திசைகளோடு ஒப்பிட்டால் திசைநிலை வெளிப்படும். இக்கணிப்பு முறையை ஹரல்ட் பிளக் 1964இல் வெளியிட்டார். பிழை கலந்த பல அளவீடுகளுக்கு மிகப் பொருந்தும் திசைநிலை எது என்னும் வினாவைக் கிரேஸ் வாபா 1965இல் முன்வைத்தார். இன்றைய கணிப்பு முறைகள் பல அவ்வினாவுக்குரிய விடைகளே.

சிறு செய்மதிகள் பெரும்பாலும் சூரியனையும் புவிக்காந்தப் புலத்தையுமே இவ்விரு காவிகளாகக் கொள்கின்றன. சூரிய உணரி மலிவானது. ஆயின் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுமார் 92 நிமிடச் சுற்றொன்றில் 36 நிமிடம் வரை செய்மதி புவியின் நிழலில் மறைகின்றது. காந்தமானி இருளிலும் இயங்கும். ஆயின் செய்மதியின் சொந்த மின்னோட்டங்களே அதனைக் குழப்பக்கூடும். நிழற்காலத்தில், சுழற்சி வேகத்தை அளக்கும் நுண்கருவிகள் இடைவெளியை நிரப்புகின்றன. அவற்றின் பிழை நேரத்தோடு வளர்வதால் மீண்டும் சூரியனைக் கண்டே திருத்த வேண்டியுள்ளது.

இலங்கையின் முதலாவது கனசதுரச் செய்மதியான இராவணா-1 இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறையுடைய இது, யப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளரால் உருவாக்கப்பட்டு, 2019 யூன் 17ஆந் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. இலங்கையை ஒளிப்படம் எடுத்தலோடு, காந்தச் சுருள்களால் திசைநிலையை நிலைநிறுத்துதலும் அதன் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டிருந்தது. 2021இல் அது வளிமண்டலத்துள் புகுந்து அழிந்தது.

காந்தச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது திசைகாட்டி ஊசிபோலப் புவிக்காந்தப் புலத்தின்பால் திரும்ப முயலும். செய்மதியும் உடன் திரும்பும். ஆயின் புலத்தின் திசையையே அச்சாகக் கொண்டு செய்மதியைத் திருப்ப இச்சுருளால் இயலாது. மட்டக்களப்பு காந்த மத்தியகோட்டுக்கு அண்மையில் உள்ளமையால், இங்கு புலம் ஏறத்தாழக் கிடையாக வடக்கு நோக்கியே செல்கின்றது. எழுவானிலிருந்து படுவான் வரை சூரியன் அப்புலத்தோடு ஒருகோட்டில் வருவதில்லை; ஆகவே பகலில் இங்கு திசையறிதல் எளிது. திருத்துதலோ கடினம். வடக்குத் தெற்கு அச்சைப் பற்றிய சரிவை இவ்வானில் வைத்துச் சுருளால் திருத்தவியலாது. படத்தை வாவியிலிருந்து கிழக்கேயோ மேற்கேயோ தள்ளுவதும் அதே சரிவுதான். புலத்தின் திசை வேறுபடும் பிற அகலக்கோடுகளிலேயே அதனைத் திருத்தி வருதல் வேண்டும். அவ்வாறு திருத்தப்படாத விடத்தும், சரிவின் அளவு அறியப்பட்டிருப்பின் படத்தைத் தரையில் உரிய இடத்திற் பொருத்தலாம். அறிதல் ஆளுதலுக்கு முற்பட்டது என்பது இதன் பொருள்.

ஏவூர்தியும் ஏவுதளமும் செல்வந்த நாடுகளின் கையில் இருக்கலாம். திசையறியும் கணிதம் எவருக்கும் உரித்தன்று. கைத்தொலைபேசியில் உள்ளவை போன்ற காந்தமானியையும் சில ஒளியுணரிகளையும் ஒரு பெட்டியிற் பொருத்தி, நூலில் தொங்கவிட்டு, அது திரும்பும் திசையைக் கணித்தறியும் பரிசோதனையை வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் மாணவர் இன்றே செய்யலாம். தம் கரைகளுக்குச் சூரியனைக் கொண்டு பெயரிட்ட மக்களின் வழித்தோன்றல்கள், தம் வாவியை மேலிருந்து காட்டும் படங்களின் பிழையையும் தாமே அளக்கக் கற்றல் வேண்டும். பிறர் தரும் படத்தை ஏற்கவோ மறுக்கவோ அதுவே தகுதி தரும்.